கோடு போடுவதா, நாள் குறிப்பதா? வடகடல் கரையில் ஒரு ஊரின் முன்னால் இருக்கும் வழிகள்

எங்கள் ஊர் மண்டபத்துக்கு வடக்கே இருக்கிறது. வரைபடத்தில் பாக் விரிகுடா என்று போட்டிருப்பதை நாங்கள் வடகடல் என்போம். மன்னார் வளைகுடா எங்களுக்குத் தென்கடல். வடகடல் பெண் கடல், தென்கடல் ஆண் கடல் என்றும் ஒரு பேச்சு உண்டு. ஒன்று அடங்கிக் கிடக்கும், மற்றது எழுந்து அடிக்கும். வாடைக்காற்று காலத்தில் பெண் கடலும் பொறுமை இழந்துவிடும். அப்போது எங்கள் வள்ளங்கள் பாம்பன் வழியாகத் தெற்கே போகும். கச்சான் காற்று அடிக்கையில் தெற்கத்தி ஆட்கள் இங்கே வருவார்கள். ஒரு பக்கம் போடும் சட்டம் மறுபக்கத்துக் கடலில் ஆளைக் கூட்டும் என்பதை இந்தப் போக்குவரத்துதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று ஊரில் பேசி வருகிறோம். முன்னால் கிடக்கும் கடலையும் நடுவிலுள்ள கரையையும் ஊருக்குப் பின்னால் இருக்கும் கண்மாயையும் இனி எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. கடல்பசுவுக்காக வடக்கே அறிவித்ததுபோல இங்கும் ஒரு காப்பகம் கேட்போம் என்கிறார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இளவட்டங்களுக்குக் கரை முழுக்கக் கடல்பாசி வளர்க்கும் தெப்பம் விட ஆசை. காரங்காடு மாதிரி படகுச் சுற்றுலா வந்தால் போதும் என்று சிலர். என் சின்னம்மாவோ, "யாரும் வந்து நமக்குச் சொல்ல வேண்டாம் பாப்பா, நாமளே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கிடுவோம்" என்கிறாள்.

மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் என்பதால் தீர்மானத்தை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. நான்கு யோசனைகளையும் வைத்து நாள்கணக்கில் யோசித்தேன். இவற்றில் ஒன்றுகூட இந்தக் கரைக்குப் புதிதில்லை. எல்லாமே ஏதோ ஓர் ஊரில் நடந்து, நல்லதும் கெட்டதுமாக விளைவைக் காட்டிவிட்டவை. அதனால் ஆசையை ஒதுக்கிவைத்து, நடந்ததை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பார்த்தபின் எனக்கு ஒரு முடிவு உண்டாகியிருக்கிறது. அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் கோடு நிற்பதில்லை, நாள் நிற்கிறது. இங்கே வராதே என்று இடம் பிரிப்பது கோடு, இத்தனை நாள்தான் இறங்கலாம் என்பது நாள். ஓரிடத்தில் மட்டும் கோடு வேண்டும். அது எங்கே என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தீவுகளைச் சுற்றிப் போட்ட கோடு

முழுப் பாதுகாப்பு எப்படியிருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாம்பனுக்குத் தெற்கே நின்றால் குருசடைத் தீவு தெரியும். அங்கே தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டரை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது.

இதனால் கிடைத்த பெரிய நன்மையை நன்றியோடு சொல்ல வேண்டும். கடலடியில் இருக்கும் பவளப் பாரை உடைத்து, அந்தக் கல்லைப் படகில் ஏற்றிவந்து, சுண்ணாம்புக்கும் சுவருக்கும் விற்ற காலம் ஒன்று இருந்தது. அம்மா பிறந்த ஊரில் அந்தக் கல்லால் கட்டிய சுற்றுச்சுவரை நானே பார்த்திருக்கிறேன். கல்லில் பூப்பூவாக ஓட்டை இருக்கும். ஒவ்வொரு ஓட்டையும் ஓர் உயிர் குடியிருந்த இடம் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. ஒரு வீட்டுச் சுவருக்கு எத்தனை தலைமுறை வளர்ச்சி போயிருக்கும் என்று நினைத்தால் மனது கனக்கிறது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. அலையைத் தாங்கிய பாரை வெட்டியது அதற்கு ஒரு காரணம். 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தபின் அந்த வேலை ஓய்ந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு பாரின் அருமை ஊராருக்கும் புரிந்தது.

இழப்பு வேறு வகையானது. தீவைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அந்தத் தண்ணீர் ஒரே நாளில் அடுத்தவர் இடமாகிவிட்டது. என் அம்மா அவர்களில் ஒருத்தி. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறிப்பாள். பறித்ததைத் தெப்பத்தில் சேர்ப்பாள். தடை வந்தபின்னும் போகத்தான் செய்தாள், போகும் முறைதான் மாறியது. யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே எடுப்பவள் கையில் கிடைத்ததைப் பிடுங்குவாள். வேரை விட்டு நுனியைக் கிள்ளுவதற்கு நிதானம் வேண்டும். பயந்தவளுக்கு நிதானம் எங்கிருந்து வரும்?

கடலட்டையும் அப்படித்தான். 2001இல் எல்லா அட்டைக்கும் சேர்த்துத் தடை வந்தது. மூச்சடக்கி முங்கி எடுத்த குளியாட்களின் தொழில் அன்றோடு முடிந்தது. விற்பனை முடியவில்லை. வெளிநாட்டில் விலை ஏற ஏற இருட்டில் நடக்கிறது. பிடிபட்ட மூட்டைகளின் படம் இன்றைக்கும் பத்திரிகையில் வருகிறது. முன்பு எத்தனை அட்டை கரைக்கு வருகிறது என்று எடைக்கல்லாவது சொல்லும். இப்போது அந்தக் கணக்கும் போய்விட்டது.

கடலில் இதைவிடப் பெரிய கோடு ஒன்றும் உண்டு. 1974இல் இந்த வடகடலின் நடுவே இந்தியாவும் இலங்கையும் எல்லை வகுத்தன. மீன் அதைப் படிக்கவில்லை, விசைப்படகும் படிக்கவில்லை. அந்தப் பக்கத்துத் தமிழ் மீனவர் தம் வலையை நம் விசைப்படகின் இழுவை மடி அறுத்துவிட்டுப் போவதைப் பார்த்துக் கலங்குகிறார். இந்தப் பக்கத்து வீட்டில் ஒருத்தி சிறையிலிருக்கும் கணவனை நினைத்து அழுகிறாள். இரண்டு அழுகையும் நியாயமானவை. 2010இல் இரு கரை மீனவர்களும் சென்னையில் நேருக்கு நேர் உட்கார்ந்தபோது, நம் விசைப்படகு அந்தப் பக்கம் ஆண்டில் எத்தனை நாள் போகலாம் என்றுதான் பேச்சு வந்தது. எல்லையைப் பற்றிப் பேசினால் நாடுகள் பேச வேண்டும். நாளைப் பற்றி மீனவர்களே பேசிக்கொள்ள முடியும்.

பெப்சி பாசி

இளவட்டங்களின் யோசனையை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வருமானம் இல்லாத வீட்டில் பாதுகாப்பு பற்றிப் பேசுவது வயிற்றைக் காயப்போட்டு விரதம் என்பது மாதிரி. பாசி வளர்ப்பில் காசு இருக்கிறது, அதுவும் பெண்கள் கைக்கு வருகிறது.

கப்பாஃபைகஸ் என்ற பாசியின் சொந்த ஊர் பிலிப்பைன்ஸ் பக்கம். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெப்சி நிறுவனம் மண்டபம் பகுதியில் இதை வளர்க்க ஆரம்பித்ததால் ஊரில் அதற்குப் பெப்சி பாசி என்றே பேர். 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், அதில் குறுக்கே கயிறு, கயிற்றில் விதைப்பாசித் துண்டுகள். 45 நாளில் அறுவடை. உரம் வேண்டாம், நிலம் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம். காயவைத்து எடைபோட்டுக் கொடுத்தால் பணம். சில வருடங்கள் வடகடல் ஓரத்தில் எத்தனையோ குடும்பங்கள் இதனால் நிமிர்ந்தன. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் உண்டு. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் இந்தப் பாசிக்கு வேர் பிடிக்க நிலம் தேவையில்லை. ஒரு துண்டு அறுந்து மிதந்து போனால் போன இடத்தில் வளரும். இதை எதிர்பார்த்துத்தான் 2005இல் மாநில அரசு, தீவுகள் இருக்கும் தென்கடலை விட்டு வடகடலிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்க அனுமதித்தது. 2008இல் குருசடைத் தீவுப் பக்கத்துப் பவளத்தின்மேல் இதே பாசி போர்வை மாதிரி மூடிக்கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இங்கும் அனுமதி உத்தரவில் ஒரு கோடு இருந்தது. பாசி கோட்டைத் தாண்டிப் போனது. பிறகு 2013இல் தண்ணீர் சூடேறித் தெப்பங்களில் பாசி அழுகிக் கொட்டியது. கடன் வாங்கித் தெப்பம் கட்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வெளியூர்ப் பாசி ஒன்றை மட்டும் நம்பினால் கடலுக்கும் ஆபத்து, அடுப்புக்கும் ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது தொண்டிப் பக்கம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டத்தில் பாசிப் பூங்கா வருகிறது. 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். விதையும் சந்தையும் ஆய்வும் ஓரிடத்தில் கிடைத்தால் எங்கள் பெண்களுக்கு நல்லதுதான். கஞ்சிப்பாசி போன்ற நம் கடலின் சொந்தப் பாசிக்கு அங்கே முதலிடம் கேட்க வேண்டும். அதை வளர்க்கும் முறையை மண்டபம் முகாமில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தார் பல வருடங்களுக்கு முன்பே செய்துகாட்டியிருக்கிறார்கள். விளைச்சல் குறைவு, விலையிலும் வித்தியாசம் உண்டு என்று இளவட்டங்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அறுந்து போனால் அது தன் வீட்டிலேயே தங்குகிறது.

தெப்பம் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். கடல் தாழைக்கு மேலே நெருக்கமாகத் தெப்பம் கட்டினால் அடியில் வெயில் விழாது. தாழை கடலடியில் வெயிலை நம்பி வாழும் புல். அது போனால் நண்டும் இறாலும் குஞ்சு வளர்க்க இடமில்லாமல் போகும்.

இதோடு சேர்த்து இறால் பண்ணைப் பேச்சும் ஊரில் வந்தது. கண்மாய்க்குக் கீழே தரிசாகக் கிடக்கும் வயலைக் குத்தகைக்குக் கேட்கிறார்களாம். இதில் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை, வேண்டாம். காந்தியவாதி ஜெகந்நாதன் இறால் பண்ணைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, பண்ணைகளால் கரையோர நிலமும் குடிநீரும் உப்பான கதையை விரிவாகவே எழுதியிருக்கிறது. உப்பு ஏறிய வயலை மீட்க எங்கள் மாவட்டத்தில் அந்த அளவு மழை பெய்வதில்லை.

காரங்காடு மாதிரி

காரங்காட்டில் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். கடல் உணவைப் பெண்கள் சமைத்துத் தருகிறார்கள். மரம் நின்றால் காசு வரும் என்று ஊர் கண்டுகொண்டால் மரத்தை வெட்ட மாட்டார்கள். இது நல்ல ஏற்பாடு. போய்ப் பார்த்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பினேன்.

எங்கள் ஊரில் அலையாத்தி இல்லை. இருப்பது தாழை, பார், வலை காயும் மணல். படகில் ஏற்றிக் காட்ட ஒன்றும் கண்ணுக்கு மேலே நிற்கவில்லை. விடுமுறை நாளில் நாலு குடும்பத்துக்கு வேலை கிடைக்கலாம், வாடைக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். இதைத் துணை வருமானமாக வைத்துக்கொள்ளலாம், ஊரின் தூணாக நட முடியாது.

காப்பகம் என்ற சொல்

ஆசிரியர் சொல்லும் யோசனைக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் கடல்பசுவுக்கென்று வந்த முதல் காப்பகம் அது. ஒரு கடல்பசு ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ தாழை மேயும். தாழை இருந்தால்தான் பசு, பசு இருக்கிறது என்றால் அடியில் மேய்ச்சல் நிலம் நன்றாக இருக்கிறது என்று பொருள். வலையில் மாட்டிய கடல்பசுவை வலையை அறுத்துவிட்டு அனுப்பிய மீனவர்கள் இந்தக் கரையில் பலர். வலை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் செயலின் பெருமை தெரியும்.

இந்தக் காப்பகம் தேசியப் பூங்கா இல்லை. ஊரார் மத்தியில் இந்த வித்தியாசம் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2002இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த பிரிவின்படி, இப்படிக் காப்பகம் அறிவிப்பதற்கு முன் அந்தப் பகுதி மக்களைக் கலந்துபேச வேண்டும். நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் ஊராட்சியின் ஆளும் இருக்க வேண்டும். அதாவது கதவு திறந்தே இருக்கிறது, நாம் உள்ளே போய் என்ன கேட்கிறோம் என்பதுதான் மீதி.

என்றாலும் பயம் இருக்கிறது. அதைப் பொய்ப் பயம் என்று சொல்ல மாட்டேன். "காப்பகம்னு ஆரம்பிப்பாக, அப்புறம் வலையைக் காயப்போட இடம் இருக்காது ஆத்தா" என்றார் கரைவலை இழுக்கும் மாமா. 2025 ஜூனில் தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோதும் அவர் இதையே சொன்னார். பூநாரை மேல் அவருக்குக் கோபம் கிடையாது. கூட்டமாகப் பறக்கையில் வானம் சிவப்பதைச் சின்னப் பிள்ளை மாதிரி நின்று பார்ப்பார். கேட்காமல் வரைந்த கோட்டைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்.

நாள்

இனி என் சின்னம்மா பக்கம். தடைக்குப் பயந்து பிடுங்கிக்கொண்டிருந்த பாசிப் பெண்கள் பிறகு தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது, இரும்பால் சுரண்டாமல் கையால் மட்டும் எடுப்பது, பவளக் கல்லைத் தொடாமல் விடுவது என்று முடிவு செய்தார்கள். யாரும் மேலேயிருந்து சொல்லவில்லை. பாசி குறைவதை முதலில் பார்த்தவர்கள் அவர்கள், அடுத்த வருடம் பாசி இல்லாவிட்டால் பட்டினி கிடப்பவர்களும் அவர்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு வெளிநாட்டு அமைப்பு ஒன்று தரும் சீகாலஜி விருது கிடைத்தது இந்தக் கட்டுப்பாட்டை முன்னின்று நடத்தியதற்காகத்தான். படிப்பறிவு இல்லாத பாசிக்காரிகள் என்று சொன்ன வாய்கள் அன்றைக்கு மூடிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இந்த 12 நாள் கணக்கு ஏன் நிற்கிறது என்று பல நாள் யோசித்தேன். கோட்டைத் தாண்டியவனைப் பார்க்கக் கடலில் ஆள் இல்லை. நாளைத் தாண்டியவளைக் கரை முழுக்கப் பார்க்கும். பதிமூன்றாம் நாள் ஒருத்தி கண்ணாடியை எடுத்துக்கொண்டு இறங்கினால், தண்ணீர் பிடிக்கப் போகிறவள் பார்ப்பாள், வலை பின்னும் கிழவர் பார்ப்பார், தராசு வைத்திருக்கும் வியாபாரி அன்றைக்குக் கடையே திறக்க மாட்டார். காவலுக்கு விசைப்படகும் வேண்டாம், பைனாகுலரும் வேண்டாம். இன்னொன்றும் உண்டு. கோடு போட்டால் யாரோ ஒருவரின் இடம் மட்டும் போகிறது. நாள் குறித்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி குறைகிறது. பொறாமை இல்லாத இடத்தில் கட்டுப்பாடு நீடிக்கும்.

வடகடலில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடும் இப்படி வந்ததுதான். வலை அறுந்து, ரத்தம் சிந்தி, அதன்பிறகு பேசி வந்த ஏற்பாடு. குறை எவ்வளவோ இருக்கிறது, மீறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் வடகடலில் ஒரு வள்ளக்காரர் நம்பிக் கடலுக்குப் போக முடிகிறது என்றால் அதற்கு அந்த 4 நாள்தான் காரணம்.

கண்மாய்க்குப் போனாலும் இதே கதை. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இலும் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறின. உலகம் கண்டுகொள்வதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கண்மாய்களை உழவரும் பறவையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நிரம்பும், கருவேல மரத்தில் பறவை கூடு கட்டும். கீழே வயலுக்கு மடை திறக்கும். குஞ்சு பறக்கப் பழகும் நேரமும் நெல் அறுக்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றாக வரும். தண்ணீர் வற்றும், பறவை போகும், அப்புறம் கண்மாய்க்குள் ஆடு மேயும். யாரும் வேலி போடவில்லை. பக்கத்தில் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்ற வழக்கம் தலைமுறையாக இருக்கிறது. அதுவும் நாளை வைத்துச் செய்த ஏற்பாடே.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் நிறைய. கண்மாய்க்குள் இருப்பதை வெட்டட்டும், கூடு இருக்கும் மாதங்களில் வேண்டாம். அதற்குமேல் இதில் சண்டை போட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாள் போதாத இடம்

நாள் கணக்கை நான் தெய்வ வாக்காக வைக்கவில்லை. அது எங்கே தோற்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்த அன்றைக்கு விசைப்படகுகள் மொத்தமாகக் கிளம்புவதை ராமேசுவரம் துறைமுகத்தில் நின்று பார்த்தால், அந்த 61 நாளில் கடல் சேர்த்துவைத்தது எத்தனை நாளுக்குத் தாங்கும் என்ற கவலை வரும். அடியைச் சுரண்டும் மடிக்கு 3 நாள் என்றாலும் 300 நாள் என்றாலும் தாழைக்கு ஒன்றுதான், வேரோடு வரும். நாள் மனிதர்களுக்குள் பங்கு பிரிக்கும். கருவி கொடியதாக இருந்தால் நாளால் கடலைக் காக்க முடியாது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று 1983 சட்டமே சொல்கிறது. இதற்குப் புதிதாகத் தீர்மானம் வேண்டாம், இருக்கும் சட்டத்தை நடத்தச் சொல்லி அரசிடம் கேட்க வேண்டும். அது ஊரால் ஆகிற காரியம் இல்லை.

அடுத்தது பவளப் பார். மண்டபம், முனைக்காடு பக்கம் கரைக்கு அருகிலேயே ஒரு பார் ஓடுகிறது. 2010, 2016 கோடைகளில் தண்ணீர் சூடேறிப் பவளம் வெளுத்ததைக் கடலில் முங்கியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சூட்டை நம்மால் குறைக்க முடியாது. வெளுத்துக் கிடப்பதன்மேல் நங்கூரம் போடாமல் இருக்க முடியும். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்வதற்கு வாரம் 4 நாள் ஓய்வு கொடுத்து ஒரு பயனும் இல்லை. அங்கே ஒரு கோடு வேண்டும் என்று நான் முதலில் சொன்னது இதைத்தான். நங்கூரம், வலை, தெப்பம் மூன்றும் எந்நாளும் கூடாது. எல்லையைத் தண்ணீரில் வரையாமல் மிதவை கட்டிக் காட்ட வேண்டும், கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஊருக்குத் தெரிகிற கோடுதான் ஊர் காக்கிற கோடு.

மூன்றாவது, நாள் குறைத்தால் கூலி குறையும். 12 நாள் இறங்குகிறவளுக்கு மாதத்தில் மீதி 18 நாளும் வயிறு உண்டு. அம்மா அந்த நாட்களில் நூறு நாள் வேலைக்குப் போனாள், விறகு பொறுக்கினாள், பனையோலையில் கொட்டான் பின்னினாள். கொட்டான் பின்னியதில் என் பள்ளிச் செலவு நடந்தது. கடலை ஓய விடுகிறவர்களுக்கு அந்த ஓய்வுக்கான கூலியை யாரும் கொடுக்கவில்லை. பாசித் தெப்பத்தையும் காரங்காடு மாதிரி சின்னச் சுற்றுலாவையும் நான் தள்ளிவிடாமல் வைத்திருப்பது இந்த 18 நாளுக்காக. ஓய்வு நாளின் சோறாக அவை வந்தால் நல்லது, கடலையே எடுத்துக்கொள்ளும் தொழிலாக வந்தால் ஆபத்து.

எழுதி வைத்திருப்பது

ஆக, தீர்மானத்தில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். பாருக்கு நிரந்தரத் தடை, மிதவையோடு. தெப்பம் மணல் தரையில் மட்டும், பாரை விட்டும் தாழையை விட்டும் தள்ளி. நம் பாசிக்கு முதலிடம். பெப்சி பாசி ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அறுந்த துண்டுகளை வாரம் ஒருமுறை பொறுக்கி எடுத்துக் கரையேற்ற வேண்டும், வேலையை முறை வைத்துச் செய்யலாம். நண்டு வலைக்கு மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு என்பதை நண்டு பிடிப்பவர்களே சொல்ல வேண்டும் என்று இடம் விட்டிருக்கிறேன். சினை நண்டை விட்டுவிடுவதில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், அதை வாங்க மாட்டோம் என்று வியாபாரிகளும் சொன்னால்தான் அது நடக்கும். கண்மாயில் கூடு இருக்கும் மாதங்களில் மரம் வெட்டக் கூடாது, வெடி கூடாது.

காப்பகம் பற்றி ஆசிரியரோடு நீண்ட நேரம் பேசினேன். வேண்டாம் என்று எழுத எனக்கு மனமில்லை. மடியை விரட்ட ஊரின் கையில் பலமில்லை, அரசின் கை வேண்டும். கேட்போம், ஆனால் வெறும் கையோடு போய்க் கேட்க வேண்டாம் என்றேன். முதலில் ஊர் தன் நாள்களை ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். நடந்ததை மாதவாரியாக நோட்டில் எழுதுவோம். எந்த மாதம் யார் எத்தனை நாள் இறங்கினார்கள், என்ன கிடைத்தது, எவள் எந்த நாள் தவறினாள், அவளை எப்படிப் பேசிச் சரிசெய்தோம். அந்த நோட்டை இணைத்துக் காப்பகம் கேட்டால், அறிவிப்பில் எங்கள் நாள்களும் ஏற வேண்டும் என்று கேட்க உரிமை வரும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு வருசம் போகட்டும்மா, நோட்டை நானே எழுதுறேன்" என்றார்.

கிராம சபைக்கு முன்னால் ஊர்க்கூட்டம் ஒன்று போட்டு இதைப் படித்துக்காட்ட வேண்டும். அதற்கு நாள் குறிப்பதில்தான் இப்போது நிற்கிறோம். விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் எங்கள் வள்ளக்காரர்கள் கரையில் இருப்பார்கள், அதனால் அப்படி ஒரு நாள். பகலில் வேண்டாம். தெப்பத்துக்குப் போன பெண்கள் உச்சி வெயிலுக்குப் பிறகுதான் ஏறுவார்கள். நண்டுக் கம்பெனிக்குச் சதை எடுக்கப் போனவர்கள் ஆறு மணி பஸ்ஸில்தான் இறங்குகிறார்கள். வாடை தொடங்கிவிட்டால் தெற்கே போகிறவர்கள் போய்விடுவார்கள், அதற்கு முன்னால் வைக்க வேண்டும். வலை பின்னும் கொட்டகையில், ஏழு மணிக்கு, லைட் போட்டு என்று சொல்லியிருக்கிறேன். சின்னம்மா பாய் கொண்டுவருவதாகச் சொன்னாள்.